ஸ்காட்லாந்தின் மலைகளும் தீவுகளும்: பயணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எடின்பரோ கோட்டையைப் பார்த்து, ஒரு நாள் பேருந்தில் லாக் நெஸ் ஏரி வரை போய்த் திரும்புகிறவர்களுக்கு இந்தப் பக்கம் அதிகம் பயன்படாது. நகரத்தைத் தாண்டி ஹைலண்ட்ஸ் மலைநாட்டிலும் மேற்குத் தீவுகளிலும் சில நாள் தங்கி, அந்த மண்ணின் மனிதர்களையும் பழக்கங்களையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள நினைக்கிறவர்கள் கேட்பவை இவை.

ஸ்காட்லாந்துக்குத் தனி விசா உண்டா?

இல்லை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குப் பிரிட்டனின் சுற்றுலா விசாவே போதும். ஷெங்கன் விசா செல்லாது. பணமும் அதே பவுண்டுதான், ஆனால் ஸ்காட்லாந்தின் மூன்று வங்கிகள் தங்கள் சொந்த நோட்டுகளை அச்சிடுகின்றன. லண்டன் கடைகளிலேயே சிலர் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள் என்பதால் ஊர் திரும்பும் முன் செலவழித்துவிடுங்கள்.

எந்த மாதம் போகலாம்?

மே மாதம். இரண்டாவது தேர்வு செப்டம்பர்.

மே மாதத்தில் பகல் நீளம், மேற்குக் கரையில் மழை ஒப்பளவில் குறைவு, கடிக்கும் பூச்சிகளும் இன்னும் கிளம்பியிருக்காது. ஜூனில் இன்வர்னஸ் பக்கம் இரவு பத்து மணிக்கு மேல்தான் சூரியன் மறையும். டிசம்பரில் அதே ஊரில் பகல் ஆறரை மணி நேரம்தான், மலைக்குள் இருக்கும் பல அருங்காட்சியகங்களும் தங்கும் விடுதிகளும் அக்டோபர் முடிந்ததும் ஈஸ்டர் வரை பூட்டிக்கிடக்கும். மலைச்சரிவெல்லாம் ஊதா நிறத்தில் ஹெதர் பூத்திருக்கும் படங்களைப் பார்த்து மயங்கியவர்கள் ஆகஸ்டில் போக வேண்டும். அதற்கான விலை அடுத்த கேள்வியில் இருக்கிறது.

மிட்ஜ் என்றால் கொசு மாதிரியா?

கொசுவைவிடச் சிறியது, கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் ஒன்றிரண்டாக வராது, மேகமாக வரும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உச்சம். காற்றில்லாத காலை, மாலை, மூட்டமான ஈரப்பொழுது எல்லாம் அதற்குக் கொண்டாட்டம். கொஞ்சம் காற்று வீசினாலே பறக்க முடியாது. அதனால் கூடாரம் போடுகிறவர்கள் பள்ளமான, மறைவான இடம் தேடாமல் காற்றடிக்கும் மேடாகப் பார்ப்பது நல்லது. தலையை மூடும் வலை சில பவுண்டுகளுக்குக் கிடைக்கும். அதைப் போட்டுக்கொள்ள வெட்கப்பட வேண்டாம், உள்ளூர்க்காரர்களே போட்டுக்கொள்கிறார்கள்.

மிட்ஜ் எரிச்சலோடு போய்விடும். உண்ணிதான் நிஜமான ஆபத்து. உயரமான புல்லிலும் பெரணியிலும் நடந்த நாளில் இரவு கால், முழங்காலின் பின்புறம், இடுப்பு எல்லாம் பார்த்துவிடுங்கள். லைம் என்ற நோய் அதனால் வரும். உண்ணி எடுக்கும் சின்னக் கொக்கி மருந்துக்கடையில் கிடைக்கும்.

யாருடைய நிலத்திலும் நடக்கலாம் என்கிறார்களே, நிஜமா?

கிட்டத்தட்ட நிஜம். 2003-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இயற்றிய நிலச் சீர்திருத்தச் சட்டம், பெரும்பாலான நிலத்திலும் நீரிலும் நடக்க, சைக்கிள் ஓட்ட, படகு விட, கூடாரம் போட எல்லோருக்கும் உரிமை கொடுக்கிறது. வெளிநாட்டுப் பயணிக்கும் இது உண்டு. இங்கிலாந்தில் இந்த அளவு கிடையாது.

விலக்குகள்: வீடும் அதையொட்டிய தோட்டமும், பயிர் நிற்கும் வயல், பள்ளிக்கூட வளாகம் போன்றவை. திறந்த வேலிக்கதவைத் திறந்தபடியும் மூடியதை மூடியும் விட்டுப் போக வேண்டும். வசந்தத்தில் குட்டி போட்ட ஆடுகளின் அருகே போகக் கூடாது. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மான் வேட்டை நடக்கும் மலைகளில், எந்தப் பாதையில் போகலாம் என்று அறிவிப்புப் பலகை சொல்லும். மோட்டார் வண்டிக்கு இந்த உரிமை இல்லை, ஆகவே கேம்பர் வேனைச் சாலையோரம் நிறுத்தித் தூங்குவதற்கு இந்தச் சட்டத்தைக் காட்ட முடியாது. லாக் லோமண்ட் தேசியப் பூங்காவின் ஏரிக்கரைகளில் பல இடங்களில் மார்ச் முதல் செப்டம்பர் வரை கூடாரத்துக்கும் அனுமதிச்சீட்டு வேண்டும்.

பாத்தி என்ற ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். மலைக்குள் கைவிடப்பட்ட மேய்ப்பர் குடிசை, பண்ணை வீடு போன்றவற்றை 1965-ல் தொடங்கிய ஒரு தன்னார்வச் சங்கம் பராமரிக்கிறது. நூறு வரை இருக்கும். கட்டணம் இல்லை, முன்பதிவு இல்லை, பூட்டு இல்லை. கட்டில், மின்சாரம், கழிப்பறை எதையும் எதிர்பார்க்க வேண்டாம். யார் வந்தாலும் ஒதுங்கி இடம் கொடுக்க வேண்டும் என்பதுதான் அங்கே முதல் விதி.

இவ்வளவு அழகான பள்ளத்தாக்குகளில் ஏன் ஆளே இல்லை?

ஹைலண்ட்ஸ் பயணத்தில் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இதுதான். சுற்றுலா விளம்பரங்கள் "மனிதக் கால் படாத இயற்கை" என்று எழுதுகின்றன. பெரும்பகுதி மனிதக் கால் படாத இடமல்ல, மனிதர்களை வெளியேற்றிய இடம்.

1746 ஏப்ரல் 16 அன்று கல்லோடன் வெளியில் ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசர் சார்லஸின் படை, அரசுப் படையிடம் ஒரு மணி நேரத்துக்குள் தோற்றது. அதன்பின் மலைநாட்டுக் குலத் தலைவர்களின் நீதி அதிகாரமும் படை அதிகாரமும் பறிக்கப்பட்டன. போருக்கு ஆள் தேவைப்படாத தலைவர் வெறும் நிலக்கிழார் ஆனார். அவருக்குக் குடியானவரின் வாடகையைவிட ஆட்டுப் பண்ணையின் வாடகை அதிகம் கிடைத்தது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தாண்டியும் கிராமம் கிராமமாக ஆட்களைக் கிளப்பினார்கள். சிலர் வளமற்ற கடற்கரைத் துண்டுகளுக்கு, பலர் கனடாவுக்கு, ஆஸ்திரேலியாவுக்கு, கிளாஸ்கோ ஆலைகளுக்கு.

இதை நேரில் பார்க்க முடியும். சதர்லாண்டில் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கின் ரோசல் என்ற கிராமத்தில் வீடுகளின் அடித்தளக் கற்கள் புல்லுக்குள் வரிசையாகக் கிடக்கின்றன. கெய்த்னஸ் கரையில் பாட்பே என்ற பாறை விளிம்பு ஊர், வெளியேற்றப்பட்டவர்கள் போய்க் குடியேறிய இடம். காற்று தூக்கிக்கொண்டு போகாமல் இருக்கக் குழந்தைகளையும் ஆடுமாடுகளையும் கயிற்றில் கட்டி வைத்தார்கள் என்று சொல்வார்கள். பெருஞ்சாலையிலிருந்து சின்ன நடைதான். குரோய்க் என்ற இடத்துத் தேவாலயத்தில், 1845 மே மாதம் க்ளென்கால்வியிலிருந்து துரத்தப்பட்ட மக்கள் கல்லறைத் தோட்டத்தில் தங்கியிருந்தபோது சன்னல் கண்ணாடியில் வெளிப்புறமாகக் கீறிய வரிகள் இன்றும் இருக்கின்றன. ஒரு வரியில் தங்களையே தீய தலைமுறை என்று எழுதியிருக்கிறார்கள். வீடிழந்தது தங்கள் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று அவர்களை நம்ப வைத்திருந்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

திருப்பி அடித்த இடமும் உண்டு. ஸ்கை தீவில் போர்ட்ரீ அருகே பிரேஸ் என்ற ஊரில் 1882-ல் குடியானவர்கள், முக்கியமாகப் பெண்கள், கிளாஸ்கோவிலிருந்து வரவழைத்த காவலர்களைக் கல்லால் எதிர்த்தார்கள். அடுத்த வருடமே அரசு ஒரு விசாரணைக் குழு அமைத்தது. அதன் தலைவர் நேப்பியர் பிரபு. ஆமாம், 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்தவர், மெரினா அருகே கூவத்தின் மேல் நிற்கும் நேப்பியர் பாலத்துக்குப் பெயர் கொடுத்தவர். அவர் குழு தீவு தீவாகப் போய்க் குடியானவர்களின் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டது. அதன் தொடர்ச்சியாக வந்த 1886 சட்டம், வாடகை ஒழுங்காகக் கட்டும் குடியானவரை நிலத்திலிருந்து கிளப்ப முடியாது என்றாக்கியது. இழந்த நிலம் திரும்பவில்லை. அந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் வரும் சிறு நிலங்களைத்தான் இன்று க்ரோஃப்ட் என்கிறார்கள். தீவுகளில் வீட்டுக்குப் பின்னால் நீளமாக ஓடும் நிலப்பட்டிகள் பெரும்பாலும் அவைதான்.

எத்தனை கோட்டை பார்க்க வேண்டும்?

இரண்டு, மூன்று போதும். அதற்கு மேல் எல்லா மான்கொம்பும் ஒன்றுபோலத் தெரியும்.

ஒன்றை மட்டும் சொல்வதானால் டன்ராபின். ரோசல் மக்களை வெளியேற்றிய சதர்லாண்ட் பிரபுக்களின் வீடு, 189 அறைகள், பிரெஞ்சுத் தோரணையில் கூர்கோபுரங்கள். ரோசலின் கற்களையும் டன்ராபினையும் ஒரே நாளில் பாருங்கள். கோட்டைக்கு அருகே கோல்ஸ்பி ஊருக்கு மேலே மலையுச்சியில் முதலாம் சதர்லாண்ட் பிரபுவின் பிரம்மாண்டச் சிலை நிற்கும். அதை இடிக்க வேண்டும் என்பவர்களும், பார்த்து நினைவில் வைக்க அப்படியே விட வேண்டும் என்பவர்களும் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

நாள்காட்டிகளில் வரும் எய்லீன் டோனன் கோட்டை 1719-ல் தகர்க்கப்பட்டு, இரண்டு நூற்றாண்டு இடிபாடாகக் கிடந்து, 20-ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டியது. வெளியிலிருந்து பார்க்க அருமை. நுழைவுச்சீட்டு எடுக்காவிட்டாலும் பெரிதாக இழப்பில்லை.

கோட்டைகளும் பழைய இடங்களும் பார்க்கச் சலுகை அட்டை வாங்கும் முன் கவனியுங்கள். அரசு சார்ந்த ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து வேறு, 1931-ல் தொடங்கிய அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட் ஃபார் ஸ்காட்லாந்து வேறு. ஒன்றின் அட்டை மற்றதில் செல்லாது. அடுத்த கேள்வியில் வரும் ஸ்கரா பிரே முதல் வகை, கல்லோடன், க்ளென்கோ பள்ளத்தாக்கு இரண்டாவது வகை.

கோட்டையைவிடப் பழையது ஏதாவது?

ஆர்க்னி தீவுக்குப் போங்கள். ஸ்கரா பிரே கிராமத்தில் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் மக்கள் வாழ்ந்தார்கள். மரம் அரிது என்பதால் கட்டில், அலமாரி எல்லாம் கல்லால் செய்தார்கள், அதனால்தான் அவை மிஞ்சின. 1850-ல் ஒரு புயல் மணலைக் கிளப்பியதும் வெளியே தெரிந்தது. அருகில் மேஸ்ஹவ் என்ற கல்லறை மேடு: குளிர்காலத்தில் பகல் மிகக் குறுகிய நாட்களில் மறையும் சூரியனின் ஒளி நுழைவழியாக உள்ளே போய்ப் பின்சுவரில் விழும்படி கட்டியிருக்கிறார்கள். பல்லாயிரம் ஆண்டு கழித்து உள்ளே புகுந்த வைக்கிங் ஆட்கள் சுவரில் தங்கள் பெயரையும் பெண்களைப் பற்றிய கிண்டலையும் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். நம்மூர் மண்டபத் தூண்களில் கிறுக்குகிறவர்களுக்கு நல்ல பழைய முன்னோடிகள்.

லூயிஸ் தீவில் கலானிஷ் நெடுங்கற்களுக்கு வேலி கிடையாது, பக்கத்தில் போய் நிற்கலாம். அதே தீவில் ஆர்னோல் கறுப்பு வீட்டையும் விட்டுவிடாதீர்கள். தடித்த கற்சுவர், ஓலை போன்ற கூரை, புகைபோக்கி இல்லாமல் நடுவில் பீட் என்ற சதுப்புநிலக் கரிமண்ணை எரிக்கும் அடுப்பு, ஒரே கூரையின் கீழ் மனிதரும் மாடும். 1960-கள் வரை அங்கே குடும்பம் வாழ்ந்தது. அந்தப் புகை வாசனை துணியில் ஒட்டிக்கொண்டு வரும்.

அங்கே தமிழ்நாட்டோடு தொடர்புள்ள இடம் உண்டா?

உண்டு. இன்வர்னஸுக்கு வடக்கே, ஆல்னஸ் ஊருக்கு மேலே ஃபைரிஷ் என்ற குன்றின் உச்சியில் வளைவுகளோடு ஒரு கல் வாசல் தனியாக நிற்கிறது. அது நாகப்பட்டினத்துக் கோட்டை வாசலின் வடிவம் என்பார்கள். 1781-ல் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்த ஆங்கிலேயப் படைத் தளபதி ஹெக்டர் மன்றோ இந்தப் பகுதிக்காரர். ஊரில் வேலையில்லாமல் தவித்தவர்களுக்குக் கூலி கொடுக்க அடுத்த ஆண்டு இதை எழுப்பினார் என்பது வழக்கமாகச் சொல்லும் கதை. கூலி நாள் நீளட்டும் என்று மேலே ஏற்றிய கற்களைத் திரும்ப உருட்டிவிட்டதாகவும் சொல்வார்கள். ஒரு மணி நேர ஏற்றம், காட்டுப்பாதை. மேலே நின்றால் கீழே குரோமார்ட்டி கடற்கழியில் நிறுத்தி வைத்திருக்கும் எண்ணெய்த் துரப்பண மேடைகள் தெரியும்.

இன்னொருவர் காலின் மெக்கன்சி, லூயிஸ் தீவின் ஸ்டோர்னவேயில் பிறந்தவர், இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர். அவர் திரட்டிய ஊர் வரலாறுகளிலும் சுவடிகளிலும் பல சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கின்றன.

கேலிக் மொழியை இன்னும் பேசுகிறார்களா?

பேசுகிறார்கள், ஆனால் கவலைக்கிடமாக. 2022 கணக்கெடுப்பில் பேசத் தெரிந்தவர்கள் சுமார் 70 ஆயிரம் பேர். எண்ணிக்கை முந்தைய கணக்கைவிடக் கூடியிருக்கிறது, பள்ளிகளில் கற்பிப்பது ஒரு காரணம். மறுபக்கம், மொழியின் கோட்டையான மேற்குத் தீவுகளிலேயே பேசுகிறவர்கள் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டார்கள். 2025-ல் கேலிக்குக்கும் ஸ்காட்ஸ் மொழிக்கும் சட்டப்படி அலுவல் தகுதி கொடுக்கும் சட்டம் நிறைவேறியது.

போகும் முன் வீட்டிலிருந்தே டோபர் அன் துவால்ஹைஸ் இணையக் காப்பகத்தில் பழைய ஒலிப்பதிவுகளைக் கேளுங்கள், இலவசம். கம்பளித் துணியை மேசையில் அடித்துப் பதப்படுத்தும்போது பெண்கள் பாடிய வேலைப்பாட்டுகள் அங்கே நிறைய. மொழி புரியாவிட்டாலும் தலைவி ஒரு அடி பாட மற்றவர்கள் வாங்கிப் பாடும் முறை நமக்கு உடனே பிடிபடும்.

கில்ட் (ஆண்கள் அணியும் கட்டம்போட்ட பாவாடை) அணிந்துகொண்டால் யாராவது கோபப்படுவார்களா?

மாட்டார்கள், சந்தோஷப்படுவார்கள். "உங்கள் குலத்துக்கு உரிய டார்ட்டன் கட்டத்துணி எது" என்று யாரும் விசாரிக்கப்போவதில்லை. கல்லோடனுக்குப் பின் மலைநாட்டு உடைக்கு அரசு தடை போட்டது, 1782-ல்தான் நீக்கியது. குலத்துக்கு ஒரு கட்டம் என்ற ஒழுங்கான பட்டியல் பெரும்பாலும் அதற்குப் பின், 19-ஆம் நூற்றாண்டில் உருவானது. 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது எழுத்தாளர் வால்டர் ஸ்காட் எல்லோரையும் டார்ட்டனில் நிறுத்தி ஒரு திருவிழாவே நடத்தினார், அதிலிருந்து மோகம் ஏறியது. திருமணத்துக்கோ நடனத்துக்கோ வாடகைக்கு எடுப்பது உத்தமம். நல்ல கில்ட் விலை அதிகம், எடையும் அதிகம்.

வாங்குவதானால் ஹாரிஸ் ட்வீட் கம்பளித்துணி வாங்குங்கள். 1993-ல் வந்த தனிச் சட்டப்படி, மேற்குத் தீவுகளில் சாயமேற்றி நூற்ற தூய கம்பளி நூலை அத்தீவுக்காரர் தன் வீட்டிலேயே கைகால் விசைத் தறியில் நெய்தால்தான் அந்தப் பெயர். சாலையோரக் கொட்டகையிலிருந்து தறிச் சத்தம் கேட்டால், கதவு திறந்திருந்தால், எட்டிப் பார்த்து வணக்கம் சொல்லலாம். பலர் நெய்வதைக் காட்டுவார்கள்.

நடனம், பேக்பைப், விளையாட்டு எல்லாம் சுற்றுலாப் பயணிக்காக நடத்துவதா?

சில அப்படித்தான். எடின்பரோ வீதியில் பைப் வாசிப்பவர் முன்னால் தொப்பி இருக்கும். ஆனால் கிராமத்துப் பொது மண்டபத்தில் சனிக்கிழமை நடக்கும் கெய்லி அவர்களுக்காக அவர்கள் நடத்துவது. அந்தக் காலத்தில் குளிர்கால இரவில் ஒரு வீட்டில் கூடிக் கதையும் பாட்டுமாகக் கழித்ததுதான் இன்று பெரும்பாலும் கூட்டு நடனமாக ஆகியிருக்கிறது. நடனம் தெரியாது என்று ஓரமாக உட்கார வேண்டாம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் அடிகளைச் சொல்லித் தருவார்கள், தவறினால் பக்கத்தில் இருக்கும் பாட்டி உங்களைப் பிடித்துச் சரியான பக்கம் தள்ளிவிடுவார். அறிவிப்பு இணையத்தில் இருக்காது. அஞ்சலகம், பலசரக்குக் கடைக் கதவு, பப் சுவர் என்று பாருங்கள்.

ஹைலண்ட் விளையாட்டு விழாக்கள் மே முதல் செப்டம்பர் வரை. செப்டம்பர் முதல் சனிக்கிழமை பிரேமரில் நடப்பதற்கு அரச குடும்பம் வரும், கூட்டமும் வரும். நான் சின்ன ஊர் விழாக்கள் பக்கம். கேபர் என்ற நீளமான மரத்தைத் தூக்கி எறிவதில் தூரம் கணக்கில்லை என்பதை அறிந்து பாருங்கள். மரம் ஒரு குட்டிக்கரணம் போட்டு, எறிந்தவருக்கு நேர் எதிரே, கடிகாரத்தின் 12-ஐ நோக்கி விழ வேண்டும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் சமாளிக்க முடியுமா?

நன்றாகவே. ஆட்டின் உள்ளுறுப்பும் ஓட்ஸும் சேர்ந்த ஹேகிஸுக்குப் பருப்பும் விதைகளும் சேர்த்த சைவ வடிவம் எங்கும் கிடைக்கும், மிளகுக் காரத்தோடு நன்றாகவே இருக்கும். இரண்டு பொறிகள் உண்டு. பருப்பு சூப்பைப் பல இடங்களில் பன்றி எலும்புச் சாற்றில் செய்வார்கள். உருளை வறுவலைச் சில கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள், யாரும் தவறாக நினைப்பதில்லை. மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கல்லன் ஸ்கிங்க் என்ற புகையிட்ட ஹாடக் மீன் சூப்.

சமையலறையுள்ள வீடு எடுத்தால் மசாலாவை கிளாஸ்கோவிலோ எடின்பரோவிலோ வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். இறைச்சி, பால் பொருட்களை இந்தியாவிலிருந்து கொண்டுவர அனுமதி இல்லை, நெய் டப்பா உட்பட.

விஸ்கி ஆலை பார்க்கப் போனால் வண்டி ஓட்டலாமா?

குடித்துவிட்டுக் கூடாது. ஸ்காட்லாந்தின் வரம்பு இங்கிலாந்தைவிடக் கடுமை: 2014 முதல் 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம். பல ஆலைகளில் ஓட்டுநரின் பங்கைச் சிறு குப்பியில் கட்டிக் கொடுப்பார்கள், இரவு அறையில் குடிக்கலாம். குடிக்காதவர்களுக்கு ஸ்பேசைடு பகுதியில் மரப்பீப்பாய் செய்யும் பட்டறை ஆலையைவிடச் சுவாரசியம்.

கார் இல்லாமல் முடியுமா?

முடியும், பொறுமை இருந்தால். கிளாஸ்கோவிலிருந்து ஃபோர்ட் வில்லியம் வழியாக மல்லெய்க் போகும் ரயில், 21 வளைவுகள் கொண்ட க்ளென்ஃபினன் பாலத்தைக் கடக்கும்; அதற்கு நீராவி ரயில் டிக்கெட் தேவையில்லை, சாதாரண ரயிலும் அதே பாலத்தில்தான் போகிறது. வழியில் கொரவர் (Corrour) என்று ஒரு நிலையம், அங்கே போகப் பொதுச்சாலையே கிடையாது. இன்வர்னஸிலிருந்து வடக்கே போகும் பாதையில் டன்ராபினும், 2024-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஃப்ளோ கன்ட்ரி சதுப்பு நிலமும் ரயில் சன்னலிலேயே வரும்.

காரென்றால் நம்மைப் போல இடதுபக்க ஓட்டம், இந்திய உரிமம் 12 மாதம் வரை செல்லும். ஒற்றைத் தடச் சாலைகளில்தான் சிக்கல். எதிரே வண்டி வந்தால் உங்கள் இடதுபக்க ஒதுங்கிடத்தில் நுழையுங்கள். ஒதுங்கிடம் வலதுபக்கம் இருந்தால் அதற்கு நேரே நின்று எதிர்வண்டியை அதில் நுழைய விடுங்கள். பின்னால் வரும் உள்ளூர் வண்டியையும் முன்னே விட வேண்டும், மருத்துவரோ தபால்காரரோ இருக்கலாம். படம் எடுக்க ஒதுங்கிடத்தில் வண்டியை நிறுத்துவதுதான் அங்கே பெரிய குற்றம்.

தீவுகளுக்கு நடந்து ஏறுவதானால் படகில் இடம் எளிது. காரோடு என்றால் கோடைக்கு மாதங்கள் முன்பே பதிவு செய்யுங்கள். காற்றடித்தால் படகு ரத்தாகும், எனவே தீவிலிருந்து திரும்பும் மறுநாளே விமானம் வைக்காதீர்கள்.

ஸ்கை தீவு கூட்டமாக இருக்கிறதாமே?

கோடையில் ஆமாம். ஓல்ட் மேன் ஆஃப் ஸ்டோர் பாறை, ஃபேரி பூல்ஸ் நீர்க்குட்டைகள் இரண்டும் காலை எட்டு மணிக்கு முன் அல்லது மாலை ஆறுக்குப் பின். வடகரையைச் சுற்றிவரும் 516 மைல் நார்த் கோஸ்ட் 500 சாலையை நான்கு நாளில் முடிக்கப் பார்க்கிறவர்கள் சாலையைத்தான் பார்ப்பார்கள். ஒரே ஊரில் நான்கு நாள் இருந்து சுற்றிலும் நடப்பதையே பரிந்துரைப்பேன்.

லூயிஸில் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது?

சனிக்கிழமையே பெட்ரோலும் ரொட்டியும் வாங்கி வையுங்கள். ஸ்டோர்னவேக்கு ஞாயிறு படகு விடத் தொடங்கியதே 2009-ல்தான், அதுவும் எதிர்ப்போடு. பெரும்பாலான கடைகளும் பல உணவகங்களும் மூடியிருக்கும். கேலிக் வழிபாட்டுக்குப் போகலாம், வெளியாரை வரவேற்பார்கள். இசைக்கருவி எதுவும் இல்லாமல் ஒருவர் பைபிளின் சங்கீதப் பாடல் வரியை எடுத்துக் கொடுக்க, சபை முழுதும் அவரவர் போக்கில் அதை வளைத்து இழுத்துப் பாடும்.

மலையில் வழி தவறினால்?

999, முதலில் காவல்துறை, பிறகு மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்கள். தன்னார்வலர்கள், கட்டணம் கிடையாது. பல பள்ளத்தாக்குகளில் கைபேசி எடுக்காது, எனவே காகித வரைபடம் கையில் இருக்கட்டும், எங்கே போகிறீர்கள் என்று விடுதியில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

இரவுச் சாப்பாடு எத்தனை மணி வரை கிடைக்கும்?

கிராமத்து பப் சமையலறை எட்டரை மணிக்கே மூடும், சில இடங்களில் எட்டுக்கு. ஜூன் மாத வெளிச்சத்தை நம்பி ஒன்பதரைக்குப் போய் நின்றால் பொட்டலச் சிப்ஸ்தான் கிடைக்கும்.